எருக்கில் மஞ்சள் நீல வெட்டுக்கிளி, நெல்லுக்கு இறங்குமா?

பாகூர் ஏரிக்கரை:
எங்கள் வாய்க்கால் கரையில் மண்டிக் கிடக்கும் எருக்கில், விரல் நீளத்துக்கு, மஞ்சளும் நீலமுமாக வரி போட்ட வெட்டுக்கிளிகள் அப்பிக் கிடக்கின்றன. சம்பா நாற்று இப்போதுதான் தலை தூக்குகிறது. மருந்துக்கடையில் உடனே அடிக்கச் சொல்கிறார்கள், பக்கத்து நிலத்துக்காரர் வடக்கே 2020ல் வந்த பாலைவன வெட்டுக்கிளி இதுதான் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரப்போரம், கடலூர்:
மருந்து வேண்டாம் அண்ணே. அது எருக்கு வெட்டுக்கிளி. 2020 மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நேரலகிரியில் எருக்கை மொய்த்தபோதும் இப்படித்தான் ஊரே பதறியது, அதிகாரிகள் பார்த்துவிட்டுப் பாலைவன வெட்டுக்கிளி இல்லை என்றார்கள். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும், அந்தப் பளிச்சென்ற நிறமே பறவைகளுக்கு எச்சரிக்கை. வெட்டுக்கிளிக் குஞ்சைச் சீண்டினால் முதுகிலிருந்து நீரைப் பீய்ச்சும், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். இன்னொன்று, எருக்கை வெட்டிச் சாய்த்துவிடாதீர்கள், தீனி தீர்ந்தால்தான் அது பக்கத்துத் தோட்டப் பயிரில் வாய் வைக்கும்.

பரவனாற்றுப் பாசனம்:
தம்பி சொல்வது சரி. நெல்லைக் கடிப்பது வேறு இனம், பச்சையாக இருக்கும், அதன் பிறப்பிடமே உங்கள் வரப்புதான். பெண் பூச்சி வயிற்று நுனியை மண்ணுக்குள் இறக்கி, நுரை போன்ற பசையோடு முட்டைகளைக் கொத்தாக வைக்கும். நுரை இறுகி உறையாகிவிடும், அதற்குள் கோடை முழுக்கக் கிடந்து, ஆனி ஆடி மழையில் மண் நனைந்ததும் பொரிக்கும். வண்ணத்துப்பூச்சி மாதிரி கூட்டுப்புழு ஆவதெல்லாம் கிடையாது, வெளியே வரும்போதே தாயின் உருவம்தான், இறக்கை மட்டும் இருக்காது. ஐந்தாறு முறை சட்டை உரிக்கும், உரிக்க உரிக்க இறக்கை மொட்டு வளர்ந்து கடைசி உரிப்புக்குப் பிறகுதான் பறக்கும். அதுவரை வரப்புப் புல்லும் நாற்றும்தான் அதற்குத் தீனி. அதனால் கோடையிலேயே வரப்பு கழித்துவிட வேண்டும், அதாவது வரப்பின் பக்கங்களை மண்ணோடு செதுக்கிவிட வேண்டும், வெளியே வரும் முட்டைகள் வெயிலில் காயும், மிச்சத்தை மைனா பொறுக்கிவிடும்.

பாகூர் ஏரிக்கரை:
ரொம்ப நன்றி ஐயா. இந்த வருஷம் வரப்பு கழிக்கவில்லை, இனி என்ன செய்வது?

பரவனாற்றுப் பாசனம்:
வெயில் ஏறுமுன் பூச்சி மந்தமாக இருக்கும், அப்போது நாற்றங்காலில் கைவலை வீசுங்கள். வலையில் விழுந்ததை எல்லாம் கொன்றுவிடாதீர்கள். உணர்கொம்பு உடம்பைவிட நீளமாக, நூல் மாதிரி இருந்தால் வயலிலேயே விட்டுவிடுங்கள், கொஞ்சம் இலையைக் கடித்தாலும் அது நெல் தண்டைக் குடையும் குருத்துப்பூச்சியின் முட்டைகளைத் தின்னும்.