‘சமூகக் கடன்’ என்பதற்கு மாற்றாக ‘வட்டாரக் கைமுதல் கடன்’

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

மளிகைக் கடை இல்லாத பகுதிகளில் கடை வைக்க முன்வருவோருக்குத் தரப்படும் கடனைச் ‘சமூகக் கடன்’ என்று குறிக்கலாம் என இங்கே முன்மொழியப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய அப்பர் ‘என் கடன் பணிசெய்து கிடப்பதே’ என்றது கடமையை. ‘சமூகக் கடன்’ என்று படிப்பவருக்கும் சமுதாயத்துக்கு ஆற்ற வேண்டிய கடமையே முதலில் தோன்றும். அதைவிடப் பெரிய இடர், இன்றைய பேச்சில் சமூகம் என்பது சாதியைச் சொல்லும் நாகரிகச் சொல்லாகிவிட்டது. ‘ஊர்க் கடன்’ என்ற மாற்றும் பொருந்தாது. ஊர் என்றால் காலனி அதில் அடங்காது, கடையில்லாமல் தவிப்பதோ பல இடங்களில் காலனிதான். ஆகவே முன்னொட்டாக ‘வட்டாரம்’ இருக்கட்டும்.

இனி, பொருளைப் பார்ப்போம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2004-இல் தொடங்கிய திட்டத்தில், மாநில அரசு தந்த 3 கோடி டாலரை விதையாக வைத்து, பிலடெல்பியாவைச் சேர்ந்த ரீஇன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் என்ற நிறுவனம் வேறு முதலீடுகளையும் சேர்த்துக்கொண்டு, இலாபம் குறைவு என்று வங்கிகள் தயங்கிய இடங்களில் கடை திறக்கவும் பழைய கடையை விரிவாக்கவும் கடனும் மானியமும் வழங்கியது. 2010-க்குள் 88 கடைகள் பயன்பெற்றன. திரும்பி வரும் கடன்பணம் அடுத்த கடைக்குப் போகிறது என்பதே இந்த முறையின் உயிர். அதனால்தான் ‘கடனுதவி’ என்பதையும் தவிர்க்க விரும்புகிறேன். உதவி என்றதும் தள்ளுபடி வருமா என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது.

கடலூரில், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட குடியிருப்பு ஒன்றின் பெட்டிக்கடையில் ஷாம்பு சரமும் பிஸ்கட் பொட்டலமும் தொங்கும், கீரைக்கட்டு கிடைக்காது. அரிசியும் பருப்பும் ரேஷனில் வந்துவிடும், காய்க்கு மட்டும் ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். குளிர்பெட்டி வாங்கி வைக்கலாமே என்று கடைக்கார அக்காவிடம் கேட்டேன். “அதுக்குக் கைமுதல் வேணுமே தம்பி, தண்டல்ல வாங்குனா காய் அழுகுறதுக்கு முன்னாடி வட்டி ஏறிடும்” என்றார். நாம் தேடும் சொல் அவர் வாயிலேயே இருக்கிறது. மூலதனம் என்பது ஏட்டில் இருக்கும் சொல். கைமுதல் என்பது கடைத்தெருவில் புழங்கும் சொல், அங்கே தொழிலில் இறக்கும் பணத்தைக் குறிப்பது. எனவே ‘வட்டாரக் கைமுதல் கடன்’ என்றும், அதை வழங்குவதை ‘வட்டாரக் கைமுதல் நிறுவனம்’ என்றும் குறிக்கலாம்.

நல்ல உணவுப்பொருள் விற்கும் கடை அருகில் இல்லாத பகுதியை (food desert) ‘உணவுப் பாலைவனம்’ என்பதையும் மாற்ற வேண்டும். அங்கே தின்பதற்கு நொறுக்குத்தீனி நிறையவே இருக்கிறது. நல்ல கடைதான் எட்டும் தொலைவில் இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் அளவீடுகளில் ஒன்றும் நகர்ப்புறத்தில் 1 மைல், நாட்டுப்புறத்தில் 10 மைல் என்று தொலைவையே கணக்கில் கொள்கிறது. ஆதலால் ‘கடை எட்டா வட்டாரம்’ என்பது என் பரிந்துரை.

புதுச்சேரி நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெரிய மார்க்கெட் வியாபாரிகள் கைமுதல் என்பதை முதன்முதலில் போடும் பணத்துக்கு மட்டும் சொல்கிறார்களா, அன்றாடச் சரக்குக்கான பணத்துக்கும் சொல்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள். பின்னதுக்கும் வழங்குமானால், வரையறையில் அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
கடலூரிலிருந்து