‘காதல்’ படத்தில் ஐஸ்வர்யாவின் வீட்டார் எதிர்த்தது சாதியையா, வசதிக் குறைவையா?

கேள்வி: பழங்காநத்தம் வாசகி

வணக்கம். பாலாஜி சக்திவேல் இயக்கி 2004 டிசம்பரில் வெளியான ‘காதல்’ படத்தைச் சென்ற வாரம் அம்மாவோடும் சித்தியோடும் மீண்டும் பார்த்தேன். படம் முடிந்ததும் தொடங்கிய வாக்குவாதம் இரவுச் சாப்பாட்டிலும் ஓயவில்லை. வேறு சாதிப் பெண்ணான ஐஸ்வர்யாவைக் காதலித்து அவளோடு சென்னைக்கு ஓடிப்போகும் இருசக்கர வாகன மெக்கானிக் முருகனின் கையில் நாலு காசு இருந்திருந்தால், பெண்ணின் அப்பா ராஜேந்திரன் முணுமுணுத்தபடியாவது இறங்கி வந்திருப்பார் என்பது சித்தியின் கட்சி. எத்தனை கோடி வைத்திருந்தாலும் அந்த வீட்டு வாசற்படியை அவனால் மிதித்திருக்க முடியாது என்பது அம்மாவின் கட்சி. இருவரும் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இருவருக்கும் அந்த ராஜேந்திரனைப் போன்ற ஒருவரைத் தெரியும்.

எனக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. படத்தில் அடிதடி நடக்கும் காட்சிகளைவிட, ஐஸ்வர்யாவின் சித்தப்பா சென்னைக்குத் தேடிவந்து, கோபமே இல்லாதவர்போல் நயமாகப் பேசி இருவரையும் ஊருக்கு அழைத்துச் செல்லும் பகுதிதான் என்னை அதிகம் உலுக்குகிறது. ஏன் அப்படி என்பதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்தை நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: திருவல்லிக்கேணியில் ஆறு ஆண்டுகள் இருந்தவன்

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முருகனும் ஐஸ்வர்யாவும் சென்னைக்கு வந்து இறங்கும்போது அவர்களுக்குத் தெரிந்த ஒரே முகவரி, மேன்சன் (தனியாக வாழும் ஆண்கள் வாடகைக்குத் தங்கும் விடுதி) அறையில் தங்கியிருக்கும் நண்பன் ஸ்டீபன். மேன்சன் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்த இக்கட்டு புரியும். நான் இருந்த அறையில் நான்கு பேருக்கு மூன்று கட்டில்கள். ஒருவர் இரவு வேலை என்பதால் அது போதுமானதாக இருந்தது. பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று மாடிப்படியின் அடியிலேயே எழுதி வைத்திருப்பார்கள். ஊரிலிருந்து அம்மா வந்தால்கூட டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துத்தான் பேசவேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் தங்கியிருக்கும் ஒருவனை நம்பித்தான் அவர்கள் வருகிறார்கள். ஏழ்மை என்பது பணமில்லாமை மட்டுமன்று, ஆபத்து வேளையில் கதவைத் திறந்துவிட ஒரு வீடு இல்லாமையும்கூட என்பதை அந்தப் படத்தில்தான் நான் முதன்முதலில் திரையில் கண்டேன்.

ராஜேந்திரன் பக்கத்தைப் பாருங்கள். கார் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் கூடுவதற்கு உறவு இருக்கிறது. அத்தனை இருந்தும் சித்தப்பா மிரட்டவில்லை. களைத்துப்போன இருவரிடம் அவர்கள் எதற்காக ஏங்கினார்களோ அதையே, அதாவது குடும்பத்தின் சம்மதத்தை, கையில் கொடுப்பதுபோல் கொடுக்கிறார். நம் வீடுகளில் கோபித்துக்கொண்டு போனவர்களைச் சமாதானம் பேசி அழைத்துவருவது சித்தப்பாவும் தாய்மாமனும்தான். அந்த உரிமையும் அந்தக் குரலும் நமக்குப் பழக்கமானவை. அதே குரலை வைத்து அவர்களைப் பிடிக்கிறார்கள் என்பதால்தான் அது அடியைவிட ஆழமாக இறங்குகிறது.

பதில் 2: சேலம் வாசகர்

ஒரு ஒப்பீடு உதவக்கூடும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த மணிரத்னத்தின் ‘அலைபாயுதே’ படத்திலும் குடும்ப மோதலின் அடிப்படை வசதி வேறுபாடுதான். நாயகன் கார்த்திக்கின் அப்பா வசதியான வழக்கறிஞர். நாயகி சக்தியின் குடும்பமோ ரயில்வே சம்பளத்தில் நடப்பது. பெரியவர்கள் சந்தித்துப் பேசும் பேச்சு முறிந்துபோகிறது. இருவரும் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டு அவரவர் வீட்டிலேயே இருக்கிறார்கள். உண்மை தெரிந்ததும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிடுகிறது. யாரும் அவர்களைத் துரத்திவரவில்லை. அதற்குப் பிறகு படம் பேசுவதெல்லாம் அந்த இருவருக்குள் வரும் மனக்கசப்பைத்தான். நீட்டிய கையை மற்றவர் தட்டிவிட்டார் என்ற வருத்தம் இரண்டு வீட்டிலும் உண்டு. அது ஆறக்கூடிய புண்.

‘காதல்’ படத்தில் அந்த இளைஞனைத் தாலியோடு சேர்த்து அழித்துவிட வேண்டும் என்ற வெறி வருகிறது. அவனை அடித்து வதைத்து, அவன் உயிரைக் காட்டி, அவள் கையாலேயே தாலியைக் கழற்ற வைக்கிறார்கள். வெறும் பண வேறுபாடு இந்த அளவுக்குக் கொண்டுபோகாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்த விஷயத்தில் உங்கள் அம்மா சொல்வதே சரி. அதே நேரத்தில், அவன் வசதியற்றவன் என்பதால்தான் அதை அவ்வளவு எளிதாக, எந்தக் கேள்விக்கும் அஞ்சாமல் செய்ய முடிந்தது என்பதையும் மறுக்க முடியாது. சாதி எதற்காக அடிப்பது என்பதை முடிவு செய்கிறது. அடித்துவிட்டுத் தப்பலாம் என்ற துணிச்சலை வசதி கொடுக்கிறது.

பதில் 3: பள்ளி ஆசிரியை

மாறுபட்ட ஒரு கருத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஐஸ்வர்யா பள்ளி மாணவி. சீருடையில் வரும் பிள்ளைகளோடு தினமும் இருப்பவள் என்ற முறையில், அந்த வயதில் மகள் வீட்டைவிட்டுப் போனால் ஒரு பெற்றோர் பதறுவதை என்னால் குற்றமாகக் கருத முடியாது. ஆனால் ராஜேந்திரன் அவள் வயதைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ கவலைப்படுவதாகப் படம் காட்டவில்லை. பள்ளிக்குத் திரும்ப அனுப்பவில்லை, வேறொருவருக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவர்களுடைய அக்கறை எதில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

பதில் 4: ஒரு மெக்கானிக்கின் மனைவி

இந்தப் படத்தை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடிந்ததில்லை. என் கணவர் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் ஒரே சாதி. எனவே சாதியைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அவர் பெண் கேட்டு வந்த நாளில், காலையிலேயே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கைகளைக் கழுவியிருக்கிறார். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. காபி டம்ளரை வாங்கும்போது விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டதால் டம்ளர் நழுவப் பார்த்தது. என் அப்பா ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அந்த விரல்களைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு ஆண்டுகள் எங்களோடு பேச்சில்லை. மூத்தவன் பிறந்த பிறகு, ஒரு நாள் அப்பாவின் பழைய வண்டி நடுவழியில் நின்றுவிட, வேறு யாரையும் கூப்பிடாமல் இவரைக் கூப்பிட்டார். இவரும் போய்ச் சாலையோரத்திலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார்.

எங்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள்தான் தண்டனை. முருகனுக்கும் என் கணவருக்கும் கையில் இருந்த கறுப்பு ஒன்றுதான். ஆனால் என் கணவரைக் காருக்குள் ஏற்றிக் கொண்டுபோக யாரும் வரவில்லை.

பழங்காநத்தம் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. நான்காவது பதிலை இரு முறை வாசித்தேன், அக்கா. அம்மாவுக்கும் சித்திக்கும் படித்துக் காட்டினேன். சித்தி பதில் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, அந்தத் தாத்தா பேரனைத் தூக்கிக் கொஞ்சினாரா என்று மட்டும் உங்களிடம் கேட்கச் சொன்னார்.

பதில் 4 எழுதியவர்:

தூக்கினார். இப்போது அந்தப் பையன் விடுமுறையில் தாத்தா வீட்டில்தான் இருக்கிறான்.