பூட்லோடரைத் திறந்தால் டிஆர்எம் சாவி ஏன் போக வேண்டும்?

திறமூலன்:
பூட்லோடரை, அதாவது போனின் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரலை, வேறு இயங்குதளம் நிறுவத் திறக்கும்போது போனில் உள்ள தரவு முழுவதும் அழிவது நல்ல ஏற்பாடு. திருடியவன் திறந்தாலும் நம் படங்கள் அவனுக்குக் கிடைக்காது. என் எதிர்ப்பு, வீடியோ போன்றவற்றை நகலெடுக்காமல் காக்கும் டிஆர்எம் சாவிகளையும் சேர்த்து அழிப்பதற்குத்தான். சோனி எக்ஸ்பீரியா இசட்3 காலத்துப் போன்களில் அவை டிஏ என்ற தனிச் சேமிப்புப் பகுதியில் இருந்தன. திறந்தால் போய்விடும், மறுபடி பூட்டினாலும் வராது. கேமராவின் இரைச்சல் குறைப்பும் அதே சாவிகளைச் சார்ந்திருந்ததால் மங்கிய வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக விழுந்தது. படம் எடுக்க எதற்கு டிஆர்எம் சாவி?

பெட்டகம்:
கேமராவைக் கட்டியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் போன்றவை வீடியோவைக் காக்கப் பயன்படுத்தும் கூகுளின் டிஆர்எம் ஆன வைட்வைன் விஷயம் வேறு. அதன் உச்சப் பாதுகாப்பு நிலையான எல்1-இல் மறைகுறியை அவிழ்ப்பதும் வீடியோவைக் கையாள்வதும் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நடக்கும். கடைநிலையான எல்3-இல் எல்லாம் மென்பொருளில். இயங்குதளத்தின் மையமான கர்னலையே மாற்றக்கூடிய போனை எப்படி நம்புவது? அதனால்தான் பல போன்கள் திறந்ததும் எல்3-க்கு இறங்குகின்றன, நெட்ஃபிளிக்ஸ் 480பி-யோடு நிற்கிறது. படத்துக்குப் பணம் போட்டவர் நிபந்தனை வைக்கத்தானே செய்வார்?

திறமூலன்:
அந்த நிபந்தனை யாரைத் தடுத்தது? திருட்டுப் பிரதிகள் 4கே தரத்திலேயே வெளிவருகின்றன. சந்தா கட்டியவர்தான் 480பி பார்க்கிறார்.

நிறைமொழி:
இருவரும் சினிமாவோடு நிற்கிறீர்கள். போனை நம்பலாமா என்று செயலிகளுக்குச் சொல்லும் கூகுளின் சோதனையான பிளே இன்டெக்ரிட்டி அதைவிடப் பெரிய சிக்கல். கூகுளின் பிக்சல் போனில், ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட மாற்று இயங்குதளமான கிராபீன்ஓஎஸ் நிறுவி, அதன் கையொப்பச் சாவியைப் பதிந்து பூட்லோடரைப் பூட்டிவிட்டால் இயங்குதளத்தை யாரும் மாற்றவில்லை என்று தொடக்கத்திலேயே சரிபார்க்கும் வெரிஃபைட் பூட் முழுமையாக வேலை செய்யும். போனைத் தொடங்கும்போது மஞ்சள் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். ஆனால் கூகுள் சான்றளித்த இயங்குதளம் இல்லை என்பதால் 'டிவைஸ்' நிலைச் சோதனையில் தோற்கும். பல ஆண்டுகளாகப் பாதுகாப்புப் பேட்ச் வராத பழைய போன் அதே சோதனையில் தேறிவிடும். இதில் எது வங்கிச் செயலிக்கு ஆபத்து?

பெட்டகம்:
அதற்குத்தான் 'ஸ்ட்ராங்' நிலை. ஆண்ட்ராய்டு 13 முதல் அதற்குக் கடந்த ஓராண்டுக்குள் வந்த பேட்ச் வேண்டும்.

நிறைமொழி:
அதிலும் கிராபீன்ஓஎஸ் தோற்கும், பேட்ச் எவ்வளவு புதிதாக இருந்தாலும். வழி இல்லாமல் இல்லை. ஆண்ட்ராய்டின் வன்பொருள் அட்டஸ்டேஷனே, அதாவது போனின் வன்பொருள் தரும் சான்றே, எந்தச் சாவியால் போன் தொடங்கியது, பூட்டு போட்டிருக்கிறதா, பேட்ச் எந்த மாதத்தியது என்று கையொப்பமிட்டுச் சொல்கிறது. வங்கி கிராபீன்ஓஎஸ் சாவிகளைத் தன் ஏற்புப் பட்டியலில் சேர்த்தால் போதும்.

பெட்டகம்:
ஒவ்வொரு வங்கியும் அந்தப் பட்டியலைப் பராமரிக்க வேண்டும். சிறிய கூட்டுறவு வங்கிக்கு அந்த ஆட்பலம் இல்லை.

திறமூலன்:
ஆட்பலம் இல்லையென்றால் சோதனையில் தோற்றவரை எச்சரித்து, பரிமாற்ற வரம்பைக் குறைக்கலாம். செயலியையே மூடுவது நியாயமில்லை. 2023-இல் உலாவிகளுக்கும் இதே பாணியில் கூகுள் முன்வைத்த வெப் என்விரான்மென்ட் இன்டெக்ரிட்டி, எதிர்ப்பு வலுத்ததால் கைவிடப்பட்டது. போனில் மட்டும் நாம் ஏன் பேசாமல் இருக்கிறோம்?

நிறைமொழி:
படித்துவிட்டு நிறுவப் போகிறவர்களுக்கு: திறக்கும்போது ஒருமுறை, பூட்டும்போது ஒருமுறை என இருமுறை தரவு அழியும். பூட்டியபின் போன் ஒழுங்காகத் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே பூட்லோடரைத் திறக்க விடும் 'ஓஇஎம் அன்லாக்' அனுமதியை அணையுங்கள். சாவி பொருந்தாத ரோமை (இயங்குதளத் தொகுப்பை) வைத்துப் பூட்டி, அனுமதியையும் அணைத்திருந்தால் மறுபடி திறக்க வழி அடைபட்டுவிடும்.