தமிழ் ஆராதனையில் சங்கீதங்களைப் பழகாத இசைமுறைகளில் பாடுவது எப்படி?

பாடற்குழுப் பொறுப்பாளர், சாட்ஸ்வொர்த்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். தென்னாப்பிரிக்காவிலுள்ள எங்கள் சபையில் பாமாலையும் கீர்த்தனையும் குறைவின்றிப் பாடப்படுகின்றன. வேதாகமத்திலுள்ள சங்கீதங்களை மட்டும் போதகரும் சபையாருமாக மாறி மாறி வாசிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பாடுவதற்கென்றே எழுதப்பட்டவற்றை இப்படி வாசித்து முடிப்பது எனக்குப் பெரும் குறையாகப் படுகிறது. ஜூலு சபையார் பாடும் முறையிலும், ஆப்பிரிக்கான்ஸ் சபைகளில் ஒலிக்கும், பதினாறாம் நூற்றாண்டில் ஜெனீவா நகரில் சங்கீதங்களுக்கென்று தொகுத்த மெட்டுகளிலும் அவற்றைப் பாட விரும்புகிறேன். அந்நிய இசையில் மனம் ஒன்றாது என்று பெரியவர்கள் சிலர் தயங்குகிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்?

பீனிக்ஸ் சகோதரி

அண்ணா, 136-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். அதன் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிவதால், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பல குரலில் ஏற்றுப் பாடும் ஜூலு முறைக்கு அது இயல்பாகப் பொருந்தும். முன்பாடகர் "துதியுங்கள்" என்பதை இழுத்து நிற்கும்போதே சபையார் "அவர் கிருபை" என்று உள்ளே வந்துவிட வேண்டும். அவர் முடிக்கும்வரை காத்திருந்தால் பாட்டின் ஓட்டம் அறுந்துவிடும். வாத்தியமே தேவையில்லை. தமிழ் படிக்கத் தெரியாத எங்கள் பிள்ளைகளும் இதில் முழுமனதோடு சேர்ந்து பாடுகிறார்கள்.

மூப்பர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, ஜெனீவா மெட்டுக்கு அவசரப்பட வேண்டாம். 1562-இல் 150 சங்கீதங்களுக்கும் நிறைவுபெற்ற அந்தத் தொகுப்பு, அளவான வரிகளுடைய செய்யுளுக்காக அமைந்தது. நமது வேதாகமத்திலோ சங்கீதங்கள் உரைநடையில் இருக்கின்றன. எட்டுச் சுரமுள்ள ஒரு வரியை "மேய்ப்பராயிருக்கிறார்" என்ற ஒரு சொல்லே ஏறக்குறைய நிரப்பிவிடும். யாராவது செய்யுளாக்கித் தந்தாலன்றி வார்த்தைகள் சிதைந்துபோகும்.

அதற்குப் பதிலாக ஆங்கிலிக்கன் சபைகளின் ஓதுமுறையைப் பாருங்கள். எத்தனை சொற்கள் வந்தாலும் ஒரே சுரத்தில் நிறுத்தி ஓதி, வரியின் கடைசியில் மட்டும் சுரம் மாற்றுவார்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயி" வரை ஒரே சுரம், "ருக்கிறார்" என்பதில் படிப்படியாக இறக்கம், பிறகு ஒரு மூச்சு, அதன்பின் "நான் தாழ்ச்சியடையேன்." ஒரு சொல்லும் குலையாது.

பெரியவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். நூறாம் சங்கீத மெட்டு என்று அவர்கள் நேசித்துப் பாடுவது, 1551-ஆம் ஆண்டு ஜெனீவாப் பதிப்பில் 134-ஆம் சங்கீதத்துக்கு அமைந்த மெட்டுதான்.

டர்பன் வாசகி

மூப்பர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இசைமுறை எதுவானாலும் சங்கீதத்தின் உணர்வுக்கு அது இடம்கொடுக்க வேண்டும். 88-ஆம் சங்கீதம் ஆறுதலின்றியே முடிகிறது. அதைக் கைத்தட்டலோடு பாடினால், துக்கத்தோடு ஆலயத்துக்கு வந்தவர் தனித்துவிடப்படுவார். அதை முகாரி இராகத்தில், தாளக்கட்டின்றி, ஒரே குரலாகப் பாடலாம் என்பது என் கருத்து. நமது இளையோருக்குக் கர்நாடக இராகமும் பழகாத இசைதான் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பாடற்குழுப் பொறுப்பாளர், சாட்ஸ்வொர்த்

மிக்க நன்றி. 136-ஐயும் 23-ஐயும் முதலில் பழகுகிறோம். 88-க்கு இராகம் அறிந்த ஒருவரிடம் பாடம் கேட்டபிறகே சபைக்குக் கொண்டுவருவோம்.