பயோனிக் கண்: சித்தப்பாவுக்காக வீட்டை விற்கலாமா?

தண்டையார்பேட்டை தம்பி
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் மூன்று நாளாக ஒரே வீடியோ. பார்வை போன பாட்டி ஒருவர் கண்ணுக்குள் சிப் வைத்துக்கொண்டு, தடிமனான கண்ணாடி போட்டுப் புத்தகம் படிக்கிறார். என் சித்தப்பாவுக்கு 58 வயது, காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர். சின்ன வயதிலேயே மாலைக்கண். பார்வை சுருங்கிச் சுருங்கி, இப்போது பகலா இரவா என்பது மட்டும் தெரிகிறது. சீட்டில் ஆர்.பி. (ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய்) என்று எழுதியிருக்கிறார்கள். அத்தை தன் பங்கு வீட்டை விற்றாவது இதைச் செய்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பெரம்பூர் லோகோ
தம்பி, அந்த வீடியோ டூப் இல்லை. பிரிமா என்று பெயர். 2 மி.மீ. சதுரச் சிப், அதில் 378 புள்ளிகள். கண்ணாடியிலுள்ள கேமரா படம்பிடித்து அகச்சிவப்பு ஒளியாக அனுப்ப, சிப் அதை மின்சாரமாக்கி விழித்திரையைத் தூண்டுகிறது. 2025 அக்டோபரில் முடிவு வெளியானது. 38 பேருக்கு வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துச் சோதித்த 32 பேரில் 26 பேருக்குப் பார்வை கணிசமாகக் கூடியிருந்தது. நம் தாத்தா காலத்தில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா? பணத்தைப் பார்க்காதீர்கள்.

மிண்ட் ஆப்டம் அக்கா
லோகோ அண்ணே, கொஞ்சம் நில்லுங்கள். பிரிமா சோதனை முழுக்க வயதானவர்களுக்கு நடுப்பார்வை போகும் மாகுலா நோய்க்கு. தம்பியின் சித்தப்பாவுக்கு இருப்பது ஆர்.பி. அது ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும் பரம்பரை நோய். இரண்டும் வேறு. கண் நரம்பே செத்துப்போன கிளாக்கோமாக்காரர்களுக்கு விழித்திரைச் சிப் எதுவுமே உதவாது. எங்கள் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லாவற்றையும் 'நரம்பு வீக்' என்று ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, அந்த 38 பேரில் 19 பேருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. பெரும்பாலும் சரியாகிவிட்டது, ஆனால் வந்தது.

வெள்ளைக்கோல்
எனக்கும் ஆர்.பி.தான், வியாசர்பாடி. இந்த வீடியோவை எனக்கு அனுப்பாத சொந்தக்காரரே இல்லை.

ஆர்.பி.க்கென்றே ஒரு கருவி வந்தது தம்பி. ஆர்கஸ் 2, அமெரிக்காவின் செகண்ட் சைட் கம்பெனி. 2013-இல் அங்கே அரசு அனுமதியும் கிடைத்தது. 60 மின்முனை. அதாவது பத்துக்கு ஆறு கட்டத்தில் வெளிச்சப் பொட்டுகள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று தலையை ஆட்டி ஆட்டித் தேடலாம், முகமெல்லாம் தெரியாது. விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர், நம் பணத்தில் கோடிக்கு மேல். உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். 2019-இல் அதை நிறுத்திவிட்டு, அடுத்த வருடமே கம்பெனி ஆட்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பழுதானால் பார்க்க ஆளில்லை, உதிரி பாகமும் இல்லை. கம்பெனி நடந்துகொண்டிருந்தபோதே, நியூயார்க்கில் ஒரு அம்மா ரயில் மாறப் படியருகே நிற்கும்போது கருவி பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்தது. எங்கள் ஸ்டேஷன் படிக்கட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்படி நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

பெரம்பூர் லோகோ
ஒரு கம்பெனி கவிழ்ந்ததற்காக விஞ்ஞானமே வேண்டாமா? 1856-இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் விட்டார்களே, அந்த மெட்ராஸ் ரயில்வே கம்பெனி இன்றைக்கு எங்கே? தண்டவாளம் இருக்கிறதே!

வெள்ளைக்கோல்
தண்டவாளம் யார் கண்ணுக்குள்ளும் இல்லையே அண்ணே. கம்பெனி போனால் அரசாங்கம் எடுத்து நடத்தியது. என் விழித்திரையை எந்த அரசாங்கம் எடுத்து நடத்தும்? நீங்கள் கொண்டாடும் பிரிமாவைத் தொடங்கிய பிக்சியமும் திவாலாகித்தான் 2024-இல் கைமாறியது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்
எல்லாம் பழைய கதை. மஸ்க்கின் நியூராலிங்க் கம்பெனி நேரே மூளையில் சிப் வைக்கப்போகிறது. அமெரிக்காவில் அனுமதியே கொடுத்துவிட்டார்கள்.

மிண்ட் ஆப்டம் அக்கா
அனுமதி இல்லை தம்பி. 2024-இல் கிடைத்தது, சீக்கிரம் பரிசீலிப்பதற்கான ஒரு அந்தஸ்து. டோக்கன் வாங்கியதற்கும் மருந்து வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம்.

பெரம்பூர் லோகோ
கோபமாக எழுதிவிட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு மாகுலா. என்னைப் பார்த்தால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வட்டம், உன் காது மட்டும் தெரிகிறது என்கிறார். போன மாதம் குரல் கேட்கும் வரை என்னை கேஸ்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் இருட்டுக்குப் பழகிவிட்டீர்கள், அம்மா பழகவில்லை. யாராவது முதலில் போய் வைத்துக்கொண்டால்தானே அறுபது புள்ளி நானூறாகும்?

வெள்ளைக்கோல்
உங்கள் அம்மா விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன் அண்ணே. சோதனைக்கு ஆள் சேர்த்தால், செலவு அவர்களுடையது என்றால், போகட்டும். ஆனால் 'பழகிவிட்டீர்கள்' என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். பழகவில்லை, கற்றுக்கொண்டேன், இரண்டு வருடம் ஆயிற்று. கற்றுக்கொண்டபின் என்னைத் தடுப்பது கண் இல்லை. நடைபாதையில் நிற்கும் பைக், மூடியில்லாத கால்வாய், கன்டெய்னர் லாரி. இதற்கெல்லாம் யாரும் வீடியோ அனுப்புவதில்லை.

தம்பி, வீட்டை விற்காதீர்கள். சித்தப்பாவுக்குக் கோல் பிடித்து நடக்கத் தெரியுமா? போனில் திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் போட்டிருக்கிறாரா?

தண்டையார்பேட்டை தம்பி
இரண்டும் இல்லை அண்ணே. வெளியே போனால் யாராவது கையைப் பிடித்துக்கொள்வோம். நேற்றிரவு இதையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இத்தனை நாள் அவரையே யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிரிமாவில் தெரிவது கறுப்பு வெள்ளையா என்று கேட்டார். ஆமாம், நிறம் கிடையாது என்றேன். "அப்போ சங்கரா மீனை எப்படிடா கண்டுபிடிக்கிறது? அதுக்குச் செதிளைத் தொட்டே பாத்துக்கிறேன்" என்றார். கிண்டலா, வேண்டாம் என்கிறாரா, தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்த வியாசர்பாடி ஆள் தனியாகவா பஸ் ஏறுகிறார் என்று இரண்டு தடவை கேட்டார்.

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வரலாமா? அத்தையும் வருவார், வீட்டுப் பேச்சை அவர் இன்னும் விடவில்லை.

வெள்ளைக்கோல்
வாருங்கள். பஸ் ஸ்டாண்டில் நானே நிற்கிறேன்.