மறு: நாணயக் கணக்குக்குப் பெயர் – ‘சில்லறை வகையெண்’ சரிவருமா?

வணக்கம். ஒரு தொகையை நாணயங்களால் எத்தனை விதமாகத் தரலாம் என்ற கணக்குக்குத் தமிழில் பெயர் தேடுகிறோம். அதற்கு வந்த யோசனை ஒன்று:

> ‘நாணய மாற்று’ என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

அண்ணா, சுருக்கம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. டாலரை ரூபாயாக்குவதைத்தான் நாணய மாற்று என்கிறோம். இலங்கைச் செய்திகளில் ‘நாணய மாற்று வீதம்’ அடிக்கடி வரும். நம் கணக்கில் இருப்பது ஒரே நாட்டுக் காசு. பத்து ரூபாயை 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களால் எத்தனை விதமாகத் தரலாம் என்பதே கேள்வி. இதற்குக் கடைத்தெருவில் எல்லோர் வாயிலும் வருவது ‘சில்லறை’. அது இருக்க வேறு எதற்கு? சில்லறை வணிகத்தோடு குழம்பும் என்று சிலர் தயங்குகிறார்கள். கணக்குப் பாடத்தில் அது குறுக்கே வராது.

அடுத்து வந்த யோசனை ‘நாணயச் சேர்வு’. இது வேண்டவே வேண்டாம். பதினோராம் வகுப்பில் படிக்கும் சேர்வு, ஐந்து பேரில் மூவரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு. ஒருவரையே இருமுறை எடுக்க முடியாது. இங்கே ஒரே நாணயத்தை எத்தனை முறையும் போடலாம். சொல்லை நம்பி மாணவர் அந்தச் சூத்திரத்தைப் போட்டால் விடை தப்பும். உண்மையில் இது, கணிதவியலாளர்கள் ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் ஆராய்ந்து எழுதிய எண் பிரிவினைக்கு (ஓர் எண்ணை வேறு எண்களின் கூட்டலாகப் பிரிப்பது) நெருங்கிய உறவு. 5ஐ 1 முதலான எல்லா முழு எண்களையும் கொண்டு பிரித்தால் 7 வழி. 1, 2, 5 மட்டும் என்றால் 4 வழி:

5
2+2+1
2+1+1+1
1+1+1+1+1

வரிசையையும் பார்த்தால் 2+2+1 மூன்றாகும், 2+1+1+1 நான்காகும், மொத்தம் 9. இதைக் கணக்கிடக் கணினி நிரல் எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். நாணயத்துக்கான லூப் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) வெளியே, தொகைக்கான லூப் உள்ளே இருந்தால், 0 முதல் 5 ரூபாய் வரை ஒவ்வொரு தொகைக்கும் எத்தனை வழி என்று குறிக்கும் கட்டங்கள் இப்படி நிரம்பும்:

1 ரூபாய் முடிந்ததும்: 1 1 1 1 1 1
2 ரூபாய் முடிந்ததும்: 1 1 2 2 3 3
5 ரூபாய் முடிந்ததும்: 1 1 2 2 3 4

கடைசிக் கட்டத்தில் 4. லூப்களை இடம் மாற்றினால் அதே கட்டத்தில் 9 வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால் பெயரே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும் என்கிறேன். வரிசை பார்க்காதது ‘சில்லறை வகையெண்’. வரிசை பார்ப்பது ‘வரிசைசார் வகையெண்’. (‘வரிசையெண்’ என்று சுருக்க முடியாது, அது பட்டியலில் வரும் எண்ணுக்குப் போய்விட்டது.)

மிகக் குறைந்த நாணயங்களில் தொகையைத் தருவது வேறு கணக்கு. அதற்குக் ‘குறைநாணயக் கணக்கு’ போதும்.

எந்தச் சொல்லையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். “பத்து ரூபாயின் சில்லறை வகையெண் 11. இருபது ரூபாய் நாணயத்தையும் சேர்த்துக்கொண்டால், இருபது ரூபாயின் சில்லறை வகையெண் 41.” எனக்கு உறுத்தவில்லை. இதைவிட நல்ல சொல் இருந்தால் இதே வாக்கியத்தில் பொருத்தி எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.