புதுப்பிப்பு: வைன் கூலர் சென்சர் பிரச்சினை தீர்ந்தது

வைன் கூலரை 12 பாகையில் வைத்தாலும் திரை 17க்குக் கீழே இறங்குதில்லை, ஆனால் உள்ளே தோலகட்டி வைன் போத்தல் விறைக்கிற அளவுக்குக் குளிர், கம்பிரஸரும் ஓயாமல் ஓடுது என்று எழுதியிருந்தேன். குளிரூட்டும் காஸ் குறைவு என்றார்கள் சிலர். காஸ் குறைந்தால் போத்தல் எப்படி விறைக்கும்?

உள்வெப்பத்தை அளக்கும் சென்சரைக் கழற்றி ஐஸ் தண்ணீரில் விட்டு மல்டிமீட்டரால் பார்த்தேன். இது 25 பாகையில் 10 கிலோ ஓம் மின்தடை காட்டுகிற வகை. குளிரக் குளிர ஓம் கூடவேண்டும். பூச்சியப் பாகையில் 30ஐ ஒட்டி வரவேண்டியது, 15ஐத் தாண்டவில்லை. சென்சர் தலைக்குள் ஈரம் இறங்கி கரண்ட் கசிகிறது, அதனால் ஓம் குறைகிறது. கூலரைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகை அதைச் சூடு என்று நம்புகிறது. எங்கட உப்புக் காற்றுக்கு இது புதினமில்லை.

புதுசு வாங்கும்போது 10 கே என்று மட்டும் கேட்காதீர்கள். பீட்டா எண்ணும் (வெப்பம் மாற ஓம் எவ்வளவு மாறும் என்பதைச் சொல்வது; 3435, 3950 என்று வரும்) பழையதோடு பொருந்தவேண்டும், இல்லையென்றால் குளிரில் கணக்குப் பிசகும். புதுசைப் பூட்டி, ஈரம் இறங்காமல் அதன் மூட்டுக்குச் சிலிக்கன் பூசிவிட்டேன். இப்போது 12 என்றால் 12தான்.

சென்சர் இல்லாமல் ஓட்டலாமா என்று கேட்ட தம்பிக்கு: சரிவராது, பெரும்பாலும் பலகை பிழை காட்டி நின்றுவிடும்.